நீர் புகாது

பெட்டியில் எழுதியிருந்தது:
ஒரு மீற்றர் ஆழம், அரை மணி நேரம்,
நீர் புகாது.
கொழும்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
இங்கே தண்ணீர் காற்றில் வருகிறது, உப்போடு,
கோல்பேஸிலிருந்து கல்கிசை வரைக்கும்
ஜன்னல் கம்பியையும் ஸ்கூட்டர் சங்கிலியையும்
தின்றபடி.

கொம்பனித்தெருவில் என் கடை
ஆறடிக்கு நாலடி.
போன்கள், காது கேட்கும் கருவிகள், வாகனச் சாவிகள்,
இப்போது இது:
நாயின் கழுத்துப் பட்டி.
நாலாவது தடவை.

முதல் தடவை பட்டரி,
எண்ணெயில் போட்ட பப்படமாய் உப்பியிருந்தது.
அடுத்தது சார்ஜ் துளை; பச்சை பூத்திருந்தது.
பிறகு ரிமோட்,
வீட்டுப் பிள்ளை மீன்தொட்டியில் போட்டதாம்.
இன்றைக்கு ரப்பர் வளையம். மயிரளவு வெடிப்பு,
அதற்குள் எப்படியோ நுழைந்த
ஒரே ஒரு மணல்.

டொலர் இல்லாத வருஷத்தில் புதிது இறங்கவில்லை.
இறங்கத் தொடங்கியபோது விலை
செனரத்தின் ஒரு மாதச் சம்பளம்.
செனரத் சாரதி. நாய் முதலாளி வீட்டு நாய்,
பெயர் கப்டன், வயது ஒன்பது.
பட்டிக்கு ஐந்து.
செய்தவர்கள் கொடுத்த ஆயுள் இரண்டு.

ஈரமாக வந்தால் கையுறை போடுவேன்.
சில நேரம் மறந்துவிடும்;
பிறகு ஏழு தடவை கழுவுவேன், ஒன்று மண்ணோடு.
அதற்கென்றே ஜாம் போத்தலில் மண் வைத்திருக்கிறேன்.
பூஞ்செடி எங்கே என்று
செனரத் ஒருநாள் தேடினான்.

வேலை முடிந்தால் சோதிக்க வேண்டும்.
நாய் இல்லை. நான் இருக்கிறேன்.
இரண்டு முனையையும்
இடது மணிக்கட்டின் உட்பக்கம் அழுத்தி,
வலது கையால் ரிமோட்.
பத்தில், எறும்பு.
இருபதில், யாரோ பின்னாலிருந்து
பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.
நாற்பதில் விரல்கள் என்னைக் கேட்காமல் மடங்கின.
நூறு வரை இருக்கிறது.
நான் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை.
கப்டன் எதுவரை போயிருக்கிறது என்று
கேட்டதுமில்லை.

ஒரே ஒரு கம்பி. சிவப்பு.
அதற்கு ஈயம் வைக்காமல் விட்டால்
அதிரும், கீச்சிடும், கரண்ட் அடிக்காது.
போன தடவை ஈயக்கோலைத் தூக்கிப் பிடித்தபடி
புகை அடங்கும் வரைக்கும் யோசித்தேன்.

ஆனால் அந்த வீட்டின் பின்கேற்றைத் திறந்தால் தண்டவாளம்,
அதற்கப்பால் கடல்.
கப்டனுக்குக் கடலில் ஆசையில்லை,
கோச்சியில்தான்.
பின்னேரம் பாணந்துறைக் கோச்சி வந்தால்,
ஆட்கள் படியில் தொங்கிக்கொண்டு வருவார்களே,
அந்தச் சப்பாத்துகள் ஒவ்வொன்றையும் துரத்தும்.
பட்டி வாங்குவதற்கு முன்
அதே வீட்டில் இன்னொரு நாய் இருந்ததாம்.
செனரத் அதற்கு மேல் சொல்லவில்லை.

கம்பியை வைத்தேன்.
ஒரு சொட்டுப் போதும்,
இரண்டு விட்டேன்.

இன்று கப்டனும் வந்திருந்தது.
செனரத் பின்கதவைத் திறந்தான்.
என் கையில் பட்டியைக் கண்டதும்
குரைக்கவில்லை, பின்வாங்கவில்லை,
பள்ளிக்கூடச் சட்டை போட நிற்கும் பிள்ளை போல
கழுத்தை நீட்டித் தந்தது.
அங்கே மயிர் உதிர்ந்து இரண்டு வட்டம்,
அரிசியளவு.
என் மணிக்கட்டிலும் அதே இடைவெளி.

"இன்னும் எவ்வளவு காலம் போகும், நானா?"
காசை எண்ணிக்கொண்டே கேட்டான்.
பட்டியைத்தான் கேட்டான்.
நான் நாயின் நரைத்த முகத்தைப் பார்த்துக்கொண்டு
பற்றுச்சீட்டு எழுதினேன்:
மூன்று மாத உத்தரவாதம்.
தண்ணீர் பட்டால் இல்லை.

மை காயவில்லை,
யூனியன் பிளேஸ் பக்கமிருந்து
மழை வந்துவிட்டது.