தூணுக்கும் கண்ணாடிக்கும் இடையே

மூன்று சனிக்கிழமைகள் போய்விட்டன.
பிராகாவில் மழை, வேறென்ன.
மேசைமேல் இரண்டு விலைப்பட்டியல்கள்,
ஒன்றின் ஓரத்தில் காப்பிக் கறை.
அதனாலேயே அது எனக்குக் கொஞ்சம்
நெருக்கமாகிவிட்டது.

நூனோவுக்கு நீலம்.
ஜெர்மன் வண்டி. நூறு கிலோமீட்டர் வேகத்தை
எட்டு வினாடியில் தொடுமாம்.
காலை எட்டேகாலுக்குப் பள்ளிக்கூடச் சந்தில்
எங்கே வைத்துத் தொடுவாய் என்றேன்.
சிரிக்கவில்லை.

எனக்குச் சாம்பல் நிறம்.
சுவீடன் வண்டி. அதன் கதவு மூடும் ஓசை
உருளைக்கிழங்கு மூட்டையை யாரோ
பார்த்து இறக்கிவைத்ததுபோல.
பின்கதவின் விளிம்பு தாழ்வு,
பிமென்தா தானே ஏறிக்கொள்ளும்.
பன்னிரண்டு வயது நாயைத் தூக்கித் தூக்கி
என் இடுப்பு போய்விட்டது.
"அது இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்றான் வாஸ்கோ.
கேட்டுவிட்டு அவனே காதைப் பொத்திக்கொண்டான்.

பெனதித்தாவின் செல்லோவை
இரண்டு கடைக்கும் தூக்கிப் போனோம்.
விற்பனையாளர் அதெரிதோ ஒன்றும் பேசாமல்
பின்னிருக்கையைப் பாதி மடக்கிக் காட்டினார்.
நீலத்தில் செல்லோ போகும், வாஸ்கோ போக முடியாது.
சாம்பலில் இரண்டு பேரும் போகலாம்,
அதன் கழுத்து இவன் தோளில் சாய்ந்தபடி.
"இதுக்கும் பெல்ட் போடணுமா?"

மதில்மேல் பூனைக்குக்கூட
எந்தப் பக்கம் குதித்தாலும் தரைதான்.
எங்களுக்கு இரண்டு பக்கமும் தவணை.
அறுபது மாதம் என்றால் மாதம் கனக்கிறது,
எண்பத்துநான்கு என்றால் வருடம் கனக்கிறது.
கடைசித் தவணையன்று பெனதித்தாவுக்குப் பத்தொன்பது.
எனக்கு எத்தனை என்று நான் கூட்டவில்லை.

நீலத்தை ஓட்டிப் பார்க்க
ஃபல்பெர்ரா மலைப்பாதைக்குப் போனோம்,
நானும் அவனும் மட்டும்.
உள்ளே மழை கேட்கவில்லை.
எஞ்சின் கேட்கவில்லை.
பதினோரு வருடமாக எங்கள் பழைய வண்டியின் இரைச்சல்தான்
எங்களுக்காகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.
அவன் எச்சில் விழுங்கியது கேட்டது.
மூன்றாம் வளைவில் சொன்னான்,
"ஓவர்டைமை நிறுத்திவிட்டார்கள்.
ஆகஸ்டிலிருந்து."

வைப்பர் ஒருமுறை போய்த் திரும்பியது.
இது நவம்பர்.

கோபம் வந்தது, நிஜம்.
ஆனால் அந்த நிசப்தத்தில்
கத்தினால் இருக்கைத் தோலில் தழும்பு விழும் போலிருந்தது.
அடுத்த வளைவில் கியரை மாற்றச் சொன்னேன்.
இது தானாகவே மாற்றிக்கொள்ளும் என்றான்.
அப்போது சிரித்தோம், நல்ல சிரிப்பு இல்லை,
இருந்தாலும் சிரிப்பு.

சாம்பலில் ஒன்று இருந்தது:
வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்ப்பதற்காகவே வைத்திருந்தது.
ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது.
ஓட்டுநர் இருக்கை ஓரத்தில் யாருடைய மோதிரமோ கீறிய கோடு.
வானொலியில் யாரோ பிடித்துவைத்த நிலையம்,
விவசாயிகளுக்கான செய்தி.
விலையை நூனோதான் பேசினான்.
நாலாயிரம் குறைந்ததும் என்னைப் பார்த்தான்,
நான் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அந்த வளைவை இனி எங்கே போய்த் தேடுவது?

நேற்றிரவு அடித்தளக் கார் நிறுத்தம்.
தூணில் பழைய வண்டியின் சிவப்பு
எங்கள் முந்தைய தவறுகளின் உயரத்தில் ஒட்டியிருந்தது.
நூனோ இறங்கி நின்று,
தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே
உள்ளங்கையை நிறுத்திக்கொண்டான்.
வா, வா என்றான். இன்னும் வா.
கண்ணாடி அவன் விரல்களை உரசும்வரை போனேன்.
எடுக்கவில்லை அவன்.

இன்று காலை எல்லாரும் ஏறியாகிவிட்டது.
செல்லோவுக்கும் பெல்ட் போட்டாகிவிட்டது.
பிமென்தா மட்டும்
அந்தத் தாழ்ந்த விளிம்பின் முன்னால் உட்கார்ந்து
எங்களையே பார்க்கிறது.

நான் முன்னங்கால்களைப் பிடிக்கிறேன்.
நூனோ பின்னங்கால்களை.