வரிசை எண் 642

சித்திரை வெயிலில் பூத் சிலிப்புகூட
அப்பளம் மாதிரி வளைகிறது.
ஞானஒளிவுபுரத்தில் முந்நூற்றுப் பதினாறு வீடு,
எனக்கு ஒரு ஜோடிச் செருப்பு.
அங்கன்வாடிப் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு
தேர்தலுக்காக நடக்கிறேன்.

பிரகாசியம்மாள் வீட்டுக்கு இரண்டு சிலிப்.
கண்ணாடி போட்டு வாசித்தார்.
மூன்று தேர்தலாக அவர் கணவர்
அந்தோணிசாமியாக இல்லை, அந்தோணிசாம்.
"செத்தும் அவருக்கு ஒரு எழுத்து வந்து சேரல" என்றார்.

மற்றது மூத்தவன் அமல்ராய்க்கு.
லைப்சிக்கில் ஆற்றுநீர் பற்றி ஆராய்ச்சி.
வைகையில் ஆராய என்னக்கா இருக்கு என்று
போகிற அன்று அவனேதான் சிரித்தான்.

"சின்னவன் தனிஸ்லாஸ் பட்டாளத்துல.
அவனுக்குக் கம்ப்யூட்டர்ல சீட்டு வருது,
மடிச்சு ஒட்டித் தபால்ல விடுறான்.
எதிர்வீட்டு லூர்துசாமிக்கு எண்பத்தேழு வயசு.
பெட்டி, போலீஸ், படம் பிடிக்க ஒரு பையன்,
கட்டிலுக்கே வந்துச்சு ஓட்டு.
மனுசன் அன்னைக்குப் புதுவேட்டி கட்டிப் படுத்திருந்தாரு.
படிக்கப் போனவன் மட்டும் என்ன தப்புப் பண்ணான்?"

பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னேன்:
வெளிநாட்டில் இருப்பவர்
பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தால் போடலாம்.

"நேர்ல வந்துட்டா
அவன் எப்படிடி வெளிநாட்டுல இருப்பான்?"

கையேட்டைப் புரட்டினேன். அதில் இல்லை.

என் படிவத்தில் மூன்று கட்டம்தான்:
வராதவர். இடம் மாறியவர். இறந்தவர்.
எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
"வருவான்னு ஒண்ணு போடலையா?"
பென்சிலால் முதல் கட்டத்தில் ஒரு கோடு,
அழிந்தால் அழியட்டும் என்கிற அழுத்தத்தில்.

ராத்திரி அவனே கூப்பிட்டான்.
"அக்கா, என் பேரு இருக்கா?"
ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கேள்வி.
இருக்கு, அறுநூத்தி நாப்பத்திரெண்டு,
உங்க அப்பா பேருலதான் ஒரு எழுத்தக் காணோம் என்றேன்.

கூடத் தங்கியிருக்கிற பெண்ணுக்கு
அவள் நாட்டிலிருந்து கவர் வந்ததாம்,
கவருக்குள் இன்னொரு கவர்.
சமையல் மேசையில் ரொட்டித் தூளைத் தள்ளிவிட்டு
பேனாவைத் திறந்தவள் இவனைப் பார்த்தாளாம்:
ரகசிய வாக்கு, கொஞ்சம் வெளியே இரேன்.

"ரெண்டு நிமிஷம் வராண்டால நின்னேன்க்கா.
கதவுக்கு அந்தப் பக்கம் ஓட்டு.
நம்ம ஸ்கூல் வாசல்ல
வரிசையில நிக்கிற மாதிரியே இருந்துச்சு.
அப்புறம் கதவத் திறந்து
காப்பி வேணுமான்னு கேட்டா."

வாக்குப்பதிவு நாள்.
காலையில் வரிசை முக்குக் கடை வரைக்கும்.
மதியம் யாருமில்லை. ஒரு நாய்,
சக்கர நாற்காலியின் நிழலில்.
நாலு மணிக்கு மறுபடி கூட்டம்.
பிரகாசியம்மாள் வந்தார், மை வைத்தார்,
"இது எத்தனை நாளைக்கு இருக்கும்?" என்று
வைத்த பையனையே கேட்டார்.

ஐந்தரைக்கு என் மேசைப் பக்கம்
ஒரு வெள்ளைச்சட்டை குனிந்தது.
"அறுநூத்தி நாப்பத்திரெண்டு சும்மாதானே கெடக்கு?
ஆளு இருக்கு, சிலிப் மட்டும் குடுங்க."
கட்சி எது என்று சொல்ல மாட்டேன்,
நான் இன்னும் இதே தெருக்களில்தான் நடக்கணும்.

"சும்மா கெடக்கல" என்றேன்.
"அவன் வெளிய நிக்கிறான்."
திரும்பி வாசலைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.

ஆறு மணிக்குக் கேட்டைச் சாத்தினார்கள்.

மறுவாரம் பால் பாக்கெட் வாங்கப் போனபோது
அந்தச் சிலிப்
பிரகாசியம்மாள் ஜன்னல் கம்பியில் செருகியிருந்தது.
பின்பக்கம் அரை லிட்டர், அரை லிட்டர்,
ஞாயிற்றுக்கிழமை ஒரு லிட்டர்.
"நல்ல தாளு, கிழிய மாட்டேங்குது" என்றார்.
முன்பக்கம் பேர் தெரிகிறது.
அந்தோணிசாம் மகன்.