உட்பிரிவு 14.3

"அளவெடுக்கும் பொழுதெல்லாம் அரசின் பிரதிநிதி
அறைக்குள் இருத்தல் வேண்டும்."
ஒட்டாவாவில் இதை எழுதிய ஐவரில் நான் ஒருத்தி.
குளிருடுப்பைவிடக் காகிதமே கனக்க
மொராவியாவின் இந்த மலையடி ஊருக்கு வந்தேன்.

பட்டறை முன்பு சர்க்கரை ஆலையாம்.
மழை பெய்தால் சுவர் இன்னும் மணக்கிறது.
கீழ்த்தளத்தில், பாறையோடு பிணைத்த மேடையில்
எங்கள் கண்ணாடி.
குறுக்களவு ஒன்றரை மீட்டர்.
எதைப் பார்க்கப்போகிறது என்பது ரகசியம்.
ஓடகர் ஒரே ஒரு முறை கேட்டார்.
சொல்ல அனுமதியில்லை என்றேன்.
எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை;
அதைச் சொல்லவும் அனுமதியில்லை.

ஒரு மயிரிழையை ஈராயிரமாய் வகிர்ந்தால்
அதில் ஒரு கூறு,
பிழைக்கு நாங்கள் விட்ட இடம் அவ்வளவே.
பதினொரு வாரம் தேய்த்தார்கள்.
கீல் பூசிய தட்டு, வெளிர்சிவப்புக் குழம்பு,
இடைவேளையில் ஊறுகாயிட்ட வெள்ளரி.
யாரும் என்னிடம் முகம் கோணவில்லை.
யாரும் என் பக்கத்தில் உட்காரவும் இல்லை.

முதல் அளவெடுப்பு.
அவர்கள் எல்லோரும் வெளியே போனார்கள்.
எனக்கென்று உள்ளே ஒரு சிறு திரை வைத்திருந்தார்கள்.
நேரே ஓடவேண்டிய கறுப்பு வெள்ளைப் பட்டைகள்
இடது ஓரத்தில் நெளிந்தன,
வெயிலில் தார்ச்சாலை நெளிவதுபோல.
தோல்வி என்று குறித்தேன்.
இரண்டாவது, தோல்வி.
மூன்றாவது முறை
நெளிவு வலப்பக்கம் குடிபெயர்ந்திருந்தது.

அபராதக் கடிதம் தயார் என்றது ஒட்டாவா.
தேதியை மட்டும் நான் நிரப்பினால் போதும்.

ஹெட்விகா மொழிபெயர்ப்பாளர்;
வழக்கமாக அவள் செய்வது
மணமுறிவுப் பத்திரங்களும் டிராக்டர் கையேடுகளும்.
ஓடகர் நெடுநேரம் பேசினார்.
அவள் நாலே வார்த்தையில் முடித்தாள்:
"நீங்கள் சூடாக இருக்கிறீர்களாம், மேடம்."
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டேன்.
"இல்லை. உயிரோடிருக்கிற சூடு.
நூறு வாட் விளக்கு ஒன்று
மூச்சுவிட்டபடி நிற்கிறதாம்.
இரண்டு முறை இடப்பக்கம் நின்றீர்கள்.
மூன்றாவது முறை தூணுக்கு அந்தப் பக்கம்."

என்னை வெளியேற்ற ஒரு சாக்கோ?
ஏமாறக்கூடாது என்பதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
அறையை மூலை மூலையாகப் பார்த்துவிட்டு
கதவுக்குக் குறுக்கே நாடா ஒட்டி
அதன்மேல் கையெழுத்திட்டேன், மூன்று இடத்தில்.
காற்று அடங்க நான்கு மணிநேரம் ஆகும் என்றார்கள்.
படிக்கட்டில் உட்கார்ந்தேன்.
ராடிம் என்கிற பையன்
கசகசா ரொட்டியைப் பிட்டுப் பாதியைத் தந்தான்.
விதை பல்லிடுக்கில் சிக்கியது.
பதினோராம் வாரத்தில்
என் பக்கத்தில் ஒருவர்.

நள்ளிரவு தாண்டி, வெளித்திரையில் பட்டைகள்.
இப்போதுதான் வாரிய தலைபோல,
ஓரத்திலிருந்து ஓரம்வரை.
யாரும் கைதட்டவில்லை.
மின்கட்டணம் என்று முணுமுணுத்துத்
திரையை அணைத்தார் ஓடகர்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள்:
நேரில் கண்டேன். காணவில்லை.
இரண்டுக்கும் நடுவே, கோட்டின் மேலேயே எழுதினேன்:
"கதவுக்கு வெளியே இருந்தேன். அதனால் சரியாக இருந்தது."
திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி அதையே எழுதினேன்.
மறுபடி திருப்பினார்கள், இம்முறை சிவப்பு முத்திரையோடு.
உட்பிரிவைத் திருத்த ஏழு கையெழுத்து வேண்டும்;
ஏழில் இருவர் விடுப்பில்.

கீழே, இருட்டில், ஆளில்லாத அறையில்
கண்ணாடி பிழையில்லாமல் இருக்கிறது.

வரும் செவ்வாய்
என்னை மேற்பார்வையிட ஒருவர் வருகிறார்.
அவரும் உள்ளேதான் நிற்பாராம்.
ஆறடி உயரம், நல்ல சதைப்பிடிப்பு என்று கேள்வி.
ஹெட்விகா கணக்குப் போட்டுவிட்டாள்:
நூற்றிருபது வாட்.