ஐயாயிரம் காணாது

இரண்டாம் பிரிவுக்கு விழுந்த கிழமை
திருக்கடலூரில், ஐஸ் தொழிற்சாலைப் பின்மதிலில்
நாங்கள் ஐந்து பேர்.
பிளேன்ரீ. ஒரு சிவப்பு மார்க்கர்.
எழுதக் கடதாசி அகப்படவில்லை,
மீன்பெட்டியின் ரெஜிபோம் மூடி.

நீலத்துறைக் கழகத்தை
அத்திவாரத்திலிருந்து கட்டப் போகிறோம்.
எங்களை யாரும் கேட்கவில்லைத்தான்.
ஆனால் செயலாளர் இந்த வழியால்தான் வீட்டுக்குப் போவார்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு,
ஒரு காதை எங்கள் பக்கம் விட்டு.

மாதம் கைக்கு வருவது நூற்றி எழுபத்தைந்து.
ஆயிரம் என்ற சொல்லை நாங்கள் சொல்வதில்லை,
பெரிய கழகக்காரர் மாதிரி.
கானாக்காரனுக்கு, அறை வாடகையோடு, அறுபது.
யாரும் வாய் திறக்கவில்லை. கோல் அடிக்கிறவன்.
கீப்பருக்கு நாற்பது.
பஸ், பந்து, கோடு போடச் சுண்ணாம்பு, ஸ்பிறே, முப்பத்தைந்து.
மிச்சப் பேர் கொத்துரொட்டிக்கு ஓடுவார்கள்.

பிறகு யோகதாசன்.
நாற்பத்தைந்து.

"முப்பத்துநாலு வயசு மச்சான்," என்றான் மில்ரோய்.
"பாலையூற்றில மூண்டு பொடியங்கள் நிக்கிறாங்கள்,
ஆளுக்குப் பதினஞ்சு குடுத்தால் காணும்.
அதே காசு, ஆறு கால்."

பைரூஸ் மட்டும் விடவில்லை:
"அவன் நிண்டதால விழாத கோலுகள
எந்தக் கொப்பியில எழுதி வச்சிருக்கிறீங்க?"
"விழாததை எப்பிடியடா எண்ணுறது?"
"அதைத்தான் நானும் கேக்கிறன்."

உட்துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது.
தெருவில் ஒரு மான்
லஞ்ச் ஷீற்றை நின்று நிதானமாக மென்றது,
அதற்கு இந்த ஊரில் யாரும் விலை கேட்பதில்லை.

நான் பேசினேன்.
பதினாலு ஆட்டம், இடப்பக்கத்தால்
ஒன்பது தரம் அவரைத் தாண்டிப் போனார்கள் என்றேன்.
அது எல்லாரும் பார்த்தது.
பிறகு சொன்னது எல்லாரும் பார்த்ததல்ல:
படியால் இறங்கும்போது அவர்
நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறார்,
இரவில் முழங்காலுக்குக் கீழே
இரண்டு தலையணை.

அது நான் அக்கா வீட்டில் பார்த்தது.
அவர் என் அத்தான்.

மில்ரோய் மார்க்கரை என்னிடம் நீட்டினான்.
பெயரின் மேல் நான்தான் கோடு கிழித்தேன்,
ரெஜிபோம் கீச்சென்று கத்தியது.
கீழே மூன்று பொடியன்களை எழுதிக் கூட்டினோம்:
நூற்றி எழுபத்தைந்து. சரியாக வந்தது.
செயலாளரின் சைக்கிள்
கொஞ்சம் முன்னமே உருளத் தொடங்கியிருந்தது.

இரவு அக்கா சோறு போட்டாள்.
"பின்னேரம் என்ன கதைச்சனீங்கள்?"
மழையைப் பற்றி என்றேன்.
சூரைக் குழம்பு. இரண்டாம் தரமும் போட்டாள்.

விடிய நாலு மணி.
கொழும்பு லொறிக்குப் பெட்டி ஏற்றும் வேலை
அத்தானுக்கும் எனக்கும்.
காசு அதில்தான், பந்தில் வருவது அரிசிக்கு.
பாரை, விளைமீன், ஐஸ், மூடி,
பாரை, விளைமீன், ஐஸ்,
அந்த மூடி.

அவர் ரோர்ச்சைப் பிடித்து வாசித்தார்.
மீன் விலைப்பட்டியல் வாசிக்கிற அதே முகம்.
உதடு அசைந்தது. ஆரம்பத்திலிருந்து மறுபடி.
நான் கயிற்றில் இல்லாத ஒரு முடிச்சை
அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆர் கூட்டினது?"

நான் சொல்லவில்லை.

"அறுபதும் நாப்பதும் நூறு.
நாப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு.
நூற்றி எண்பதெல்லோ வருது.
என்னை வெட்டியும் ஐயாயிரம் காணாது."

ஈரப் பெருவிரலால் எழுபத்தைந்தை அழித்தார்.
முழுக்க அழியவில்லை, இளஞ்சிவப்பாய்ப் பரவியது.
என் சட்டைப் பையில் மார்க்கர் இருந்தது.
அவர் அதை எடுத்து
எண்பது என்று எழுதினார், பள்ளிக்கூடக் கையெழுத்தில்,
பையிலேயே திருப்பிச் செருகினார்.

மூடியைப் புரட்டி
எழுத்துப் பக்கம் ஐஸுக்குள் போக அழுத்தினார்.
ஒரு முழங்காலை ஊன்றவேண்டி வந்தது.
வலது.

"மற்றப் பக்கத்தைப் பிடி," என்றார்.
பிடித்தேன்.
கனமான பெட்டி அது.