கட்டைவிரல்

சுருக்கமாகச் சொல் என்றுதான் பழக்கினார்கள்.
சொல்கிறேன்.
ஏழு வயதில் கொண்டுபோனார்கள்.
முப்பதில் வீட்டுக்கு விட்டார்கள்.
அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்று
கேட்க ஆளில்லாத இந்த இரவில்
மிச்சமும் வருகிறது,
வரிசை தப்பி.

யூரோட்டஸ் கரையில் நாணல் ஒடித்தோம்.
கத்தி கூடாது.
ஒடித்ததைப் பரப்பி அதன்மேல் படுக்கை.
ஒரே மாதத்தில் எங்கள் முதுகுகளில்
நாணலின் கணுக்களை எண்ணிவிடலாம்.
வருடத்துக்கு ஒரு மேலங்கி.
தைகெட்டஸ் மலையில் பனி விழுந்த அன்றும் அதுதான்,
கோடையின் அதே கிழிசலோடு.

பக்கத்துப் படுக்கை மிக்கோஸ்.
முட்செடியின் பஞ்சைப் பறித்து
நாணலுக்குள் திணிக்கச் சொன்னவன்.
சூடாக இருக்கும் என்றான்.
இருந்தது.
தூக்கத்தில் அழுவான் அவன்,
குரலே எழும்பாமல்,
கசிகிற பானைபோல.

இரவு, பன்றி ரத்தக் குழம்பு குடித்து முடித்ததும்
எங்கள் தலைவன் ஆர்க்கெசோஸ் கேள்வி கேட்பான்.
அவனுக்கே அப்போது இருபதுதான்.
"ஊரில் சிறந்த ஆண் யார்?"
ஒரே மூச்சில் பதில், கூடவே காரணம்.
நான் சொன்னேன்:
"எங்கள் வீட்டில் அத்தி பறிக்கிறவன்.
ஒரு கிளைகூட ஒடியாமல் பறிப்பான்."
அத்தி பறிக்கிறவன் அடிமை.
சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து
என் வலது கட்டைவிரலை எடுத்து
வாயில் வைத்துக் கடித்தான் ஆர்க்கெசோஸ்.
கோபமே இல்லை.
ரொட்டி தின்கிற முகம்.

மறுவாரக் கேள்வி:
"உங்களில் கோழை யார்?"
விரலில் இன்னும் சீழ் காயவில்லை.
மிக்கோஸ் என்றேன்.
தூக்கத்தில் அழுகிறான் என்றேன்.
நல்ல பதில். சுருக்கம், காரணத்தோடு.
எனக்கு இன்னொரு அகப்பை குழம்பு கிடைத்தது.
குடித்தேன்.

வசந்தத்தில் ஒர்த்தியா கோயில்.
சாட்டைகளுக்கு நடுவே பாய்ந்து
பலிபீடத்துப் பாலாடைக்கட்டியைத் திருட வேண்டும்.
மிக்கோஸ் பாய்ந்தான்.
கட்டியைப் போட்டுவிட்டு மறுபடி பாய்ந்தான்.
மறுபடியும்.
அத்தனை முறை யாரும் கேட்கவில்லை.
கூட்டத்தில் அவன் அப்பா
உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார்.
நானும் எண்ணினேன்.
எத்தனை என்று சொல்லமாட்டேன்.

அன்றிரவு அவன் நாணலைக் கிளறி
முட்பஞ்சை எடுத்து
என் படுக்கையில் வைத்துக்கொண்டேன்.
பனிக்காலம் போயிருந்தது.
இருந்தாலும் எடுத்தேன்.

நாளை என் மகனுக்கு ஏழு.
இதோ தூங்குகிறான்,
கட்டைவிரல் வாயில்.
மாட்டுப் பித்தம் தடவிப் பார்த்தாள் அவன் அம்மா.
முகம் சுளித்தான், விடவில்லை.
அங்கே இதைக் கண்டால்
என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும்.
எடுத்துவிட வேண்டும், இப்போதே.

தழும்புள்ள விரலால் தொட்டேன்.
இன்னும் இறுக்கிச் சப்பினான்.

விடிய நேரம் இருக்கிறது.