இரண்டு கச்சான்

கரடிப்போக்கில் வெளிக்கிடும்போது மணி நாலரை.
ஜெபநேசனின் லைற்றில்
கண்டி வீதியின் நடுவே படுத்திருந்த மாடுகளுக்குக்
கண்கள் மட்டுமே இருந்தன.
முறிகண்டியில் விடிந்தது.
நூறு ரூபாய்க்குக் கச்சான் வாங்கிப் பொக்கற்றில் கொட்டினேன்,
பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.
ஜெபநேசன் வேதக்காரன்.
சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றவன்
சொட்டில் பாதியைத் தின்றுவிட்டான்.

என்னுடையது வெளிநாட்டுச் சைக்கிள்.
நோர்வேயில் மச்சான் ஓடி அலுத்து
பழைய சோபாவோடு கொண்டெயினரில் போட்டுவிட்டது.
ஒல்லி ரயர், ஊசிபோல வால்வு,
கிளிநொச்சியில் எந்தப் பம்மும் அதன் வாயில் பொருந்தாது.
அதற்கென்று ஒரு பித்தளைச் சுரை,
சின்னிவிரல் நகமளவு.
அது துலைந்தால் இது வெறும் இரும்பு.
ஜெபநேசன் ஓடுவது லுமாலா.
கியர் இல்லை. கரியர் உண்டு.
கரியரில் என்னுடைய தண்ணிப் போத்தலும் உண்டு.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினோம்.
மீற்றர் முப்பது என்றது,
பிறகு முப்பத்திரண்டு.
"என்ன மாதிரி ஓடுறம் பாத்தியா!"
கால்கள்தான் ஓடுகின்றன என்று
உண்மையாகவே நம்பினோம்.
முதுகில் கைவைத்துத் தள்ளிய கச்சான் காற்று
தன் பேரைச் சொல்லவில்லை.

பாலைமரம் முடியும் வளைவில்
பின்சில்லு மூச்சை விட்டது.
முள்ளில்லை, ஆணியில்லை.
எங்கோ லொறி ரயர் வெடித்துச் சிந்திய கம்பி,
மயிரளவு.
அரத்தாள் தேய்த்து, சொல்யூசன் பூசி,
ஊதிக் காயவைத்து, ஒட்டுப்போட்டு,
பம்மைப் பூட்டும் நேரம்
சுரை விரலிலிருந்து துள்ளி
தாரில் இரண்டு தரம் குதித்துப்
புல்லுக்குள் போனது.

புல்லுக்குள் சிவப்புப் பலகை.
எழுத்தை வெயில் தின்றிருந்தது,
மண்டையோட்டை விட்டுவைத்திருந்தது.

இரண்டு ஆம்பிளைகள்
தார் விளிம்பில் பெருவிரலை வைத்துக்கொண்டு
கழுத்தை மட்டும் உள்ளே அனுப்பினோம்.
"காந்தம் ஒண்டு இருந்தால்..." என்றான்.
"பித்தளையடா" என்றேன்.

எதிர்ப்பக்கமிருந்து வந்தாள் ஒருத்தி.
லேடீஸ் சைக்கிள், ஹாண்டிலில் சோற்றுப் பார்சல்,
சட்டைப்பையில் நிரோஜினி என்று தைத்த பெயர்.
"போன தைக்குள்ள நாங்கள் முடிச்ச துண்டு இது,
பலகையைத்தான் ஒருத்தரும் கழட்டேல்லை."
சொன்னாளே தவிர
அவசரப்படவில்லை.
முழங்காலில் இருந்தாள்.
ஒரு சாண் புல்லை விலக்கி, பார்த்து, விட்டு,
அடுத்த சாண்.
மிதிவெடி தேடிய கை
சுரையையும் அப்படித்தான் தேடியது.

கண்டெடுத்து ஊதித் தந்தாள்.
"எங்க போறியள்?"
"முல்லைத்தீவுக்கு."
"என்ன அலுவல்?"
"சும்மா."
"சும்மாவோ" என்றாள்,
உப்புப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லை நாக்கில் வைத்து.
பிறகு தன் முன்ரயரை அமத்திப் பார்த்தாள்.
"எனக்கும் காத்துக் குறைவு. அடிச்சுவிடுங்கோ."
அவளுடைய வால்வில் பம் உடனே பொருந்தியது.
மேற்கே போனாள், காற்றுக்கு நேரே,
ஒரே மிதியில், குனியாமல்.

கடலைப் பார்த்தது பத்து நிமிடம்.

திரும்பியபோது மீற்றர் பதினொன்று என்றது.
ஆளுக்கு இரண்டு கட்டை முன்னால்,
மற்றவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து.
தொடை எரிந்தது, இருக்கை அறுத்தது,
பேச்சு நின்றுவிட்டது.
பொக்கற்றில் ஒரு கச்சான், முகத்தில் ஒரு கச்சான்.
உடைத்த கோது பறந்து
பின்னால் வந்தவன் வாய்க்குள் போனது.
அவன் திட்டியதையும் காற்று
முல்லைத்தீவுப் பக்கம் கொண்டுபோனது.

பாலைமர வளைவில்
புல் இரண்டு முழங்காலளவு மடங்கிக் கிடந்தது.
மூத்திரம் முட்டுகிறதென்று ஜெபநேசன் நிறுத்தினான்.
பலகையைப் பார்த்தான்.
புல்லைப் பார்த்தான்.
இன்னும் ஒரு கட்டை போவம் என்றான்.