அது என் கை இல்லை

இரவு பதினொன்றே கால், பாய லேபார்.
மாடியில் ஏர்கானை நிறுத்திவிட்டார்கள்.
சர்வருக்கு மட்டும் லோயாங்கில் விடிய விடியக் குளிர்.

காயத்துக்கு இழப்பீடு கேட்கும் பக்கத்தில்
கோப்பு ஏற்றும் இடம் என் பொறுப்பு.
சின்னதை நினைவகத்திலேயே ஏந்திக்கொள்ளும்.
பெரியதைத் துண்டு துண்டாய் வாங்கி
ஓர் ஓரத்தில் இறக்கிவைக்கும், சட்டி சட்டியாய் மணல் போல.
அப்புறம் என் சேமிப்பகத்திடம் கேட்கும்:
இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறதா?

எப்போது கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லும்படி
எழுதிவைத்திருந்தேன்.
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

இன்று சூசைமாணிக்கம் போனில்:
"அது என் கை இல்லம்மா.
எனக்கு மோதிர விரல் இருக்கு.
போனது சுண்டுவிரல்."

துவாஸில் இவர், கிராஞ்சியில் இன்னொருவர்.
இருவருமே படத்துக்குக் 'கை' என்று பெயரிட்டிருந்தார்கள்.
வேறென்ன இடுவார்கள்?
பின்னால் வந்த கை
முன்னால் வந்ததன் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

திருத்தம் ஒரே வரி.
இனி ஒரே பெயரில் இரண்டாவது வந்தால்
பொருளில்லாத ஏழு எழுத்து வால் முளைக்கும்.

அழிந்தது எந்த வாளியிலும் இல்லை.
வாட்ஸாப்பில் தட்டுகிறேன், அழிக்கிறேன், தட்டுகிறேன்:
அண்ணே, கட்டைப் பிரித்து
இன்னொரு படம் எடுக்க முடியுமா?